மோட்டார் நிற்கும் இடம்

மார்கழியில் எங்கள் காயல்பட்டினத்துக் கடற்கரைக்கு ஊரே வந்துவிடும். மழை ஓய்ந்து வாடைக்காற்று தொடங்கியிருக்கும். அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்தவர்கள் சுண்டல் பொட்டலத்தோடு மணலில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்தான் உம்மாவின் நடை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடப்பார். வயது எழுபத்திரண்டு, முழங்கால் தேய்மானம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை மூன்று பைக்குகள் அலையோரமாக உறுமிக்கொண்டு வந்தன. மோதவில்லை. உம்மாவின் துப்பட்டியை உரசி, ஈர மணலை வாரியடித்துவிட்டுப் போயின. உம்மா விழவில்லை, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது பைக்கின் பின்னால் இருந்தவன் என் லாத்தாவின் மகன்.

இரவில் கேட்டேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே சாச்சி. நாங்க ஓரமாத்தானே போனோம்?" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. சொந்த மூத்தம்மாவை அவன் பார்க்கவே இல்லை.

இருபது ஆண்டுகளாக நெய்தல் திணை நடத்துகிறேன். நற்றிணையில் உலோச்சனாரின் பாட்டு ஒன்றில் தலைவனின் தேர் கடற்கரை மணலில் வருகிறது. சக்கரத்தில் நண்டு அகப்பட்டுவிடாதபடி பாகன் கடிவாளத்தைப் பார்த்துப் பிடித்து ஓட்டுகிறான். வேகமாகப் போகிறவன்தான் கீழே பார்க்க வேண்டும் என்பது அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது. நண்டை ஒதுங்கிப் போகச் சொல்லவில்லை.

பைக் பிரச்சினையைப் பற்றித் தேடப்போய், நான் பார்த்தே இராத பனி நாட்டில் போய் நின்றேன். அங்கே குளிர்காலத்தில் காலில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் அமைதியாகப் போகிறவர்கள் உண்டு. அதே பாதையில் ஸ்னோமொபைல் என்கிற பனி மோட்டாரில் பறப்பவர்களும் உண்டு. 1982இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து ஆய்வு ஒன்று இரு தரப்பையும் விசாரித்தது. சறுக்கிப் போகிறவர்களுக்கு மோட்டார்க்காரர்கள் பெரிய தொந்தரவு. மோட்டார்க்காரர்களுக்கோ இவர்களால் பெரிதாக எந்தத் தொந்தரவும் இல்லை! மோதல் ஒரு பக்கம் மட்டுமே நடக்கிறது. சத்தம், புகை, பயம் எல்லாம் ஒருவர் பங்கு, "என்ன பிரச்சினை?" என்ற வியப்பு மற்றவர் பங்கு. எந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கும் இதைப் புரியவைக்க ஆய்வு தேவையில்லை.

அமெரிக்காவில் 1972இலேயே நிக்சன் ஓர் ஆணை போட்டார். பொது நிலங்களில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கான தடங்களை, மற்றவர்களோடு மோதல் குறையும்படி வகுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இடத்தைப் பிரி, சண்டை தீரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடம் பிரிப்பதைப் பற்றிக் காயல்பட்டினத்துப் பெண்ணிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் முடுக்குகள் உண்டு. வீடுகளுக்கு இடையே ஓடும் ஒடுக்கமான சந்துகள். பெண்கள் தெருவுக்கு வராமலே வீடு விட்டு வீடு போய்வர. மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து தங்குகிற ஊர் இது. வீடு எங்களுடையது, தெரு எங்களுடையதல்ல. முடுக்கில் நான் சிரித்து விளையாடியிருக்கிறேன், அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் பிரிக்கும்போது ஒடுங்கிய பக்கம் யாருக்கு வந்தது என்பது அந்தச் சுவர்களின் அகலத்திலேயே தெரியும்.

அதனால்தான், "பெண்களுக்குக் கடற்கரையில தனியா ஒரு பக்கம் ஒதுக்கிடலாமே" என்று உறவினர் ஒருவர் நல்ல மனதோடு சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. மணலில் இன்னொரு முடுக்கா? பத்தடி ஒதுக்கிவிட்டு மீதியை பைக்குக்குக் கொடுப்பார்கள். பிறகு அந்தப் பத்தடிக்கு வெளியே நிற்கிறவளைத்தான் கேள்வி கேட்பார்கள்.

புதுச்சேரியில் வேறு விதமாகச் செய்கிறார்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குத் தடுப்பு வைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் போக முடியாது. அங்கே ஒதுங்குவது மோட்டார், நடக்கிறவர் அல்ல. நடக்கிறவர் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை.

மோட்டார் எனக்குப் பகையும் அல்ல. முப்பத்தைந்து வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொண்ட பிறகுதான் யாரையும் கெஞ்சாமல் உம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துவர முடிந்தது. வண்டி சாலை முடிகிற இடத்தில் நிற்கட்டும். மணலில் கால் மட்டும் இறங்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதையெல்லாம் லாத்தா மகனிடம் சொன்னேன். பனி மோட்டார் கதையைக் கண் விரியக் கேட்டான். அதன் வேகம் எவ்வளவு என்று விசாரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மூத்தம்மா அன்னிக்கு எந்த இடத்துல நின்னாங்க சாச்சி?" என்றான்.

இந்த மார்கழியிலும் உம்மாவைக் கூப்பிட்டேன். "மொட்டைமாடி போதும்மா" என்கிறார். தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி நாற்பது சுற்று நடக்கிறார். அங்கிருந்து கடல் தெரியாது.