ஜிப்சி நிற்கும் இடம்

கிர் காட்டில் சிங்கத்தைப் படம் எடுப்பவர் யார் என்று கேட்டால், கேமராக்காரரை நான் மூன்றாவதாகத்தான் சொல்வேன். காலடித் தடம் பார்ப்பவர் முதல் ஆள். அடுத்தவர் ஜிப்சி ஓட்டுநர்.

குஜராத்தின் சாசன் கிரில் விடியும் முன்பே ஜிப்சி எனும் சஃபாரி வண்டிகள் வரிசை கட்டிவிடுகின்றன. எந்தப் பாதையில் போவது என்பதை வனத்துறைதான் ஒதுக்கும். நம் இஷ்டத்துக்கு ஓட்டச் சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்தில் தேவாலியா என்று வேலி போட்ட பகுதி இருக்கிறது. அங்கே சிங்கம் அநேகமாகக் கண்ணில் பட்டுவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது. படம் எடுக்கப் போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

எனக்கு வாய்த்த ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை காடு மூடியிருக்கும்போது நிலக்கடலை வயலில் வேலை செய்வாராம். தேக்கங்காட்டுக்குள் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். "சாஹேப், கேமராவை மடியில் வையுங்கள். இப்போது காதுக்குத்தான் வேலை." எங்கோ புள்ளிமான் ஒன்று கத்தி ஓய்ந்தது. அவர் அசையவில்லை. ஒரு தரம் கத்துவதை அவர் நம்புவதில்லை. விடாமல் கத்தினால்தான் சாவியைத் திருப்புவார்.

சற்றுத் தள்ளி, கையில் தடியோடு தடம் பார்ப்பவர் புழுதியில் குனிந்திருந்தார். பாதத் தடத்தின் விளிம்பு உதிராமல் இருந்தது. அதன் மேல் பூச்சி ஊர்ந்த கோடும் இல்லை. அதனால் அது சற்று முன் நடந்த சிங்கத்தின் தடம் என்றார். தடியை இடப்பக்கம் நீட்டினார். அவ்வளவுதான் பேச்சு.

மரத்தடியில் இரண்டு பெண் சிங்கங்கள் படுத்திருந்தன. தேக்குச் சருகின் நிறமும் அவற்றின் நிறமும் ஒன்றாகவே இருந்ததால், வால் நுனிக் குஞ்சம் ஈ ஓட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கிட்டே போவார் என்று பார்த்தால், ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்தார். ஜிப்சி இருக்கை உயரம். கிட்டே நின்றால் மேலிருந்து முதுகைத்தான் எடுக்க முடியும். தள்ளி நின்று நீள லென்ஸைப் போட்டால் கோணம் தாழும், சிங்கத்தின் கண்மட்டத்துக்கு வரும். வெயிலை எங்கள் முதுகுக்குக் கொண்டுவந்தார். சிங்கங்கள் எழுந்தால் நடக்கக்கூடிய பக்கத்தைத் திறந்து விட்டார். இத்தனையும் நான் ஒரு வார்த்தை சொல்லாமலே நடந்தது.

என் வேலை மிச்சம் கொஞ்சம்தான். அரிசி நிரப்பிய பையை ஜிப்சியின் கம்பியில் போட்டு, லென்ஸை அதன் மேல் அமர்த்தினேன். முன்னால் நிற்கும் புல்லைத்தான் ஆட்டோஃபோகஸ் பிடிக்கும் என்பதால், ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தேன். ஃபிளாஷ் கூடாது. நிழலில் ஐ.எஸ்.ஓ-வை ஏற்றித்தான் ஆக வேண்டும். படத்தில் மணல் தூவினதுபோல் வந்தாலும் அசைவில் கலங்கிய படத்துக்கு அது எவ்வளவோ மேல்.

சிங்கம் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். "முதல் கொட்டாவிக்கு விரலைத் தயாராக வையுங்கள். இரண்டு மூன்று விட்டால் எழுந்துவிடும்" என்றார் ஓட்டுநர். அப்படியே நடந்தது. எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது மீசைமயிர் வேர்களின் கரும்புள்ளி வரிசை தெளிவாக இருந்தது. சிங்கத்துக்குச் சிங்கம் அது மாறும். ஆய்வாளர்கள் அதை வைத்தே தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். வயிற்றடியில் நீளவாக்கில் தொங்கும் தோல்மடிப்பும் பதிவாகியிருந்தது. ஆசியச் சிங்கத்துக்கு உரிய அடையாளம் அது; ஆப்பிரிக்கச் சிங்கங்களிடம் அரிது.

2020இல் 674 ஆக இருந்த ஆசியச் சிங்கங்களின் எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891. அதில் பாதிக்கும் மேல் காப்புக்காட்டுக்கு வெளியே, வயலும் தோப்புமாக உள்ள இடங்களில் திரிகின்றன. கோழியையோ கன்றையோ கட்டி வைத்துச் சிங்கத்தை வரவழைத்து, காசு வாங்கிக்கொண்டு காட்டும் திருட்டுத் தொழிலும் அங்கேதான் நடக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோது ஓட்டுநர் வெளியே எட்டிக் காறித் துப்பினார்.

கிர் போகிறவர்கள் வனத்துறை அனுமதியோடு, பதிவு பெற்ற ஜிப்சியில் போங்கள். "இன்னும் கிட்டே போ" என்று ஓட்டுநரை விரட்டாதீர்கள். இரை கட்டி எடுத்த வீடியோ உங்கள் கைப்பேசிக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் செய்து எடுத்த படம்.