புகைப் பரிசோதனை ஸ்டியரிங்கைப் பார்க்காது

எங்களிடம் இருப்பது பழைய கொரொல்லா 110. எங்கள் பிள்ளைகள் இருவரையும் விட மூத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு விலைகளைப் பார்த்தோம். இரண்டு ஆசிரியர் சம்பளத்துக்கு அது ஆகாது, இருப்பதையே பத்திரமாக வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்துவிட்டோம். கொழும்பில் எங்களைப் போல நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

கொட்டாஞ்சேனைப் பக்கம் பள்ளத்தில் இறங்கினால் முன்னால் 'டக் டக்' என்று சத்தம். காலி வீதியில் நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் அலைந்தது. ஒரு கராஜில் காட்டினோம். ஜெக் கூட வைக்காமல், "ரெக்கை முழுசா மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை எங்களில் ஒருவரின் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பிவிட்டோம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். முன் சக்கரத்தை உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து, டயரைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ரொட் பக்கம். 12, 6 இல் ஆடினால் போல் ஜொயின்ட் அல்லது பேரிங். எங்களில் ஒருவர் டயரை ஆட்ட, மற்றவர் கீழே படுத்து மூட்டைத் தொட்டுப் பார்த்தோம். (யார் கீழே படுத்தது என்று கேட்காதீர்கள்.) இடது பக்க டை ரொட் எண்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸ் போய், மண் ஏறியிருந்தது. ரெக்கில் ஒன்றுமில்லை.

அந்தச் சின்ன மூட்டு நம் தோள் மூட்டு மாதிரிதான்: கிண்ணத்துக்குள் ஒரு பந்து. தேய்ந்து தேய்ந்து பந்து கழன்றால் அந்தச் சக்கரம் தன் பாட்டில் திரும்பும். ஸ்டியரிங்கை எவ்வளவு பிடித்தாலும் பயனில்லை. நாங்கள் பிள்ளைகளை ஏற்றிப் போகும் கார். சொந்தக் காருக்கு ரெவனியூ லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் கேட்கிறார்கள். புகையைப் பார்க்கிறார்கள், டை ரொட்டை யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. நாமே பார்த்தால்தான் உண்டு.

பஞ்சிகாவத்தையில் இரண்டு பக்கத்துக்கும் புதிதாகவே வாங்கினோம். பழைய காரில் கழற்றியது மலிவாகக் கிடைக்கும். கதவுக் கண்ணாடிக்கு அது போதும், ஸ்டியரிங் மூட்டுக்கு வேண்டாம். பெட்டியைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். புது எண்டின் தண்டைக் கையால் அசைத்தால் இறுக்கமாக, ஒரே சீராக நகர வேண்டும். தொளதொளவென்று ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே கார் நிறுத்தவே இடம் போதாது. அதனால் சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனோம். சமதரை, சீமெந்து போட்டது. கடற்காற்றில் நட்டெல்லாம் துருப்பிடித்திருந்ததால் முதல்நாள் இரவே எண்ணெய் விட்டிருந்தோம். லொக் நட்டைச் சற்றுத் தளர்த்தி, அது நின்ற இடத்தில் டிப்பெக்ஸால் கோடு போட்டோம். ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, மேல் நட்டைத் தளர்த்தி, முழுதாகக் கழற்றாமல் விட்டோம். மூட்டு பொறியும்போது எண்ட் கீழே விழக்கூடாது. பிறகு அடி. அடிப்பது மூட்டில் அல்ல, அது மாட்டியிருக்கும் இரும்புக் கையின் பக்கவாட்டில். நாலாவது அடியில் விட்டது.

பழையதைச் சுற்றிக் கழற்றும்போது சத்தமாக எண்ணினோம், வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போல. பதினேழரைச் சுற்று. புதியதையும் பதினேழரைச் சுற்று ஏற்றி, பழையதோடு நீளத்தை அளந்து பார்த்தோம். துளை நேராக வராவிட்டால் நட்டை இறுக்கித்தான் சரிசெய்ய வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்ப்ளிட் பின் புதியதே போட வேண்டும். வலது பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது.

எவ்வளவு கவனமாக எண்ணினாலும் வீல் அலைன்மன்ட் வீட்டு வேலையல்ல. அன்றே மெதுவாக ஓட்டிப் போய்ச் செய்தோம். மெசினில் பார்த்தால் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. அதைச் செய்யாமல் விட்டால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

இப்போது சத்தமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தெரிந்தவர்கள் யாருக்காவது காரை ஆட்டிப் பார்க்க வேண்டுமென்றால், வரும் சனிக்கிழமையும் ஜெக்கும் ஸ்டாண்டும் அதே முற்றத்தில் இருக்கும். பார்த்துச் சொல்வோம். உள்ளே இருக்கும் ரெக் எண்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். அதற்கு வேறு சாவி வேண்டும், நல்ல பாஸ் ஒருவரும் வேண்டும்.