கொட்டேஷனில் இல்லாத வேலை

வேப்பூர் கூட்டுரோட்டில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சேலம் பக்கம் போகும் சாலையும் சந்திக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் மானாவாரிப் புஞ்சை அதிகம். மக்காச்சோளமும் பருத்தியும் பேர்போனவை. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதுவும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. இந்த அளவு நிலத்துக்கு 45 குதிரைத்திறன் டிராக்டரைச் சொந்தமாக வாங்குவது கட்டுபடியாகாது. அதனால்தான் யுவராஜ், ஜிவோ, ஸ்வராஜ் 717, குபோட்டா நியோஸ்டார், வி.எஸ்.டி. சக்தி என்று 15-லிருந்து 27 குதிரைத்திறன் வரையிலான மினி டிராக்டர்கள் பேச்சில் அடிபடுகின்றன. அந்தப் பேச்சு எச்.பி. எவ்வளவு, மானியம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்பதைத் தாண்டிப் போவதில்லை. வண்டியை ஏற்றி இறக்கி, கருவிகளை மாட்டி ஓடவிடுகிறவர்களின் வேலையைக் கவனித்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. மினி டிராக்டர் சம்பாதித்துக் கொடுக்குமா, கொட்டகையில் நிற்குமா என்பது பாதிக்கு மேல் இவர்கள் கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்கு மட்டும் கொட்டேஷனில் ஒரு வரி கிடையாது.

முதலில் ஏற்றி இறக்குவதைப் பார்ப்போம். ‘சின்ன வண்டிதானே, குட்டியானையில் போட்டுவிடலாம்’ என்பார்கள். குட்டியானையின் சுமை வரம்பு ஏறத்தாழ முக்கால் டன். 15 குதிரைத்திறன் டிராக்டரே 800 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதற்கான ரொட்டவேட்டரையும் கொத்துக் கலப்பையையும் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அனுபவப்பட்டவர்கள் இதற்கு பிக்கப் வண்டிதான் கேட்பார்கள். ஏற்றும்போது இரும்புச் சட்டத்தில் டிராக்டரை ரிவர்சில்தான் ஏற்றுவார்கள். இழுவை பின்சக்கரத்தில் இருப்பதால், சரிவில் முன்னோக்கி ஏறும்போது முன்பக்கம் லேசாகித் தூக்கும். பின்னால் கருவி தொங்கிக்கொண்டிருந்தால் அப்படியே மல்லாந்தும் விடலாம். மேட்டு நிலத்தின் விளிம்போடு பிக்கப்பின் பின்கதவை ஒட்டி நிறுத்தி, சரிவே இல்லாமல் ஏற்றுவது இன்னும் நல்லது. ஏற்றியதும் கியரில் போட்டு, கை பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, சங்கிலியை அச்சில் சுற்றி இறுக்குவார்கள். ஸ்டியரிங் கம்பியிலோ பம்பரிலோ கட்டுபவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டாம். ரொட்டவேட்டர் லிப்டில் தொங்கியபடி பயணம் போகக் கூடாது. குண்டும் குழியுமான சாலையில் அதன் எடை முழுவதும் ஹைட்ராலிக்கை அடித்துக்கொண்டே வரும். அதைத் தனியாகப் படுக்க வைத்துத் தனியாகக் கட்ட வேண்டும்.

வயலோரத்தில் நடப்பதுதான் அசல் தொழில். டிராக்டர் ஒரு கம்பெனி. ரொட்டவேட்டர் ராஜ்கோட் மாதிரி எங்கோ இருக்கும் ஊரில் செய்தது. கொத்துக் கலப்பை உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது. இந்த மூன்றையும் செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மூன்றையும் ஒன்றாக்குகிறவர் பிட்டர். டிராக்டரின் இடது கீழ்க் கையை முதலில் கருவியில் மாட்டுவார். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வலது பக்கத்துத் தூக்குத் தண்டில் இருப்பதால் வலது கையை அடுத்து மாட்டிச் சமன் பார்ப்பார். டாப் லிங்க் கடைசி. பிறகு டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாப்ட். சின்ன டிராக்டரில் பி.டி.ஓ.வுக்கும் ரொட்டவேட்டர் கியர்பாக்ஸுக்கும் நடுவே இடம் மிகவும் குறைவு. கருவியோடு வரும் ஷாப்ட் நீளமாக இருந்தால், தூக்கி இறக்கும்போது ஒரு நிலையில் உள்குழல் வெளிக்குழலின் அடியில் போய் முட்டும். அந்த முட்டலைத் தாங்குவது டிராக்டரின் பேரிங். அதனால் பிட்டர் கருவியை மேலும் கீழும் அசைத்து, இரண்டு முனைகளும் மிக நெருங்கி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, இரு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சாக்கட்டியால் கோடு போடுவார். உள்குழல், வெளிக்குழல், இவற்றின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு ரம்பத்தால் அறுப்பார். அறுத்த விளிம்பை அரத்தால் ராவி, துகளைத் துடைத்து, கிரீஸ் தடவிச் சேர்ப்பார். அரை அங்குலம் குறைத்து அறுத்தால் முட்டும். அதிகம் அறுத்தால் வேலை நடுவில் பிடிப்பு விட்டுப்போகும். எந்தக் கையேடும் இந்த டிராக்டருக்கு இந்த ரொட்டவேட்டர் என்று அளவு சொல்லிவிடாது.

சக்கர அகலமும் அப்படித்தான். மக்காச்சோளத்துக்கு வரிசை இடைவெளி 60 செ.மீ. என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஒரு வரிசையை நடுவில் விட்டு டிராக்டர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர மையங்களுக்கு இடையே 92 செ.மீ. இருந்து, டயர் அகலம் 20 செ.மீ. என்றால், டயரின் வெளிவிளிம்புக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே மிஞ்சுவது 4 செ.மீ. கொஞ்சம் கை ஆடினாலும் பயிர் மேல் ஏறும். அதையே 72 செ.மீ. ஆக்கினால் 14 செ.மீ. கிடைக்கும். பல மினி டிராக்டர்களில் ரிம்மைத் திருப்பிப் போட்டே இந்த வித்தியாசத்தைக் கொண்டுவரலாம். திருப்பும்போது டயரின் அம்புக்குறி ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அதற்காகச் சக்கரங்களை இடம் வலம் மாற்ற வேண்டி வரலாம். மாற்றிய நட்டுகளைச் சில மணி நேரம் ஓடிய பின் மறுபடி முறுக்க வேண்டும். இதைச் செய்யாத வண்டியை வைத்துக்கொண்டு ‘மினி டிராக்டர் மக்காச்சோளத்துக்கு லாயக்கில்லை’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனி ஆள்தான் வந்து ஓட்டிக் காட்டுகிறாரே, பிறகென்ன என்று கேட்கலாம். அவர் டிராக்டரைக் காட்டுகிறார். பக்கத்துக் கடையில் வாங்கிய ரொட்டவேட்டர் அவர் பொறுப்பில் வராது. பூத்னியில் உள்ள மத்திய சோதனை நிலையத்தின் அறிக்கை டிராக்டரின் திறனைச் சொல்லும். உங்கள் வயலோரத்தில் இரண்டும் சேர்ந்ததைச் சொல்லாது. இன்னொரு கேள்வி கனமானது: வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை இருக்கும்போது சொந்த வண்டியே எதற்கு? கோடை உழவுக்கு நான் இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பெரிய டிராக்டரை மணிக்கணக்கில் அமர்த்துவதே புத்திசாலித்தனம். ஆனால் மழை விட்டு ஈரம் காய்ந்து மறுபடி இறுகுவதற்குள் ஊடு உழவு ஓட்ட வேண்டிய நாலைந்து நாளில் ஊரே ஒரே வண்டியைக் கேட்கும். சொந்த மினி டிராக்டருக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊடு உழவுக்குத்தான் மேலே சொன்ன பொருத்தம் எல்லாம் அவசியம். பழகப் பழக விவசாயியே கற்றுக்கொள்வார் என்பது டாப் லிங்க் திருகுவதற்குச் சரி. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் ஷாப்ட்டில் உறை இல்லாமல் வேட்டி முனை சிக்கினால் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் படிப்பு இருப்பதும் உண்மை. எஞ்சின், கியர்பாக்ஸ் அங்கே படிக்கலாம்; கலப்பையைப் பயிர் வரிசைக்குப் பொருத்தும் நிதானம் பெரும்பாலும் பட்டறையில் மூத்தவர் பக்கத்தில் நின்று வருவது. (விருத்தாசலத்தில் பீங்கானுக்குத் தனிப் பயிற்சி நிறுவனமே உண்டு. இந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.)

காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கருவி விலையில் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. வரிக்கு முன் 4 லட்சம் விலை என்றால் மிச்சம் 28,000 ரூபாய். அதில் ஒரு சிறு பகுதி பிட்டரின் கூலிக்குப் போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. மானியக் கணக்கில் பொருத்தும் செலவுக்கென ஒரு தொகையைத் துறை சேர்க்க வேண்டும். முதல் நாள் ஒரு வருகை, 50 மணி நேரம் ஓடிய பின் இன்னொரு வருகை என்று அதை நிபந்தனையாக்கலாம். அது வரும் வரை, வாங்கப்போகிறவர்கள் கொட்டேஷனிலேயே ‘ஏற்றி இறக்கி, ஷாப்ட் அளந்து, சக்கர அகலம் வைத்துத் தருவது’ என்று தனி வரியும் தனிக் கூலியும் எழுதி வாங்குங்கள். உங்கள் வயலில் கருவி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.