ஒரே 'க', இரண்டு ஸ்டேஷன்



மலருக்குக் கட்டுரை கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, "நான் என்னத்த எழுதுறது?" என்றுதான் கேட்டேன். என் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அப்படிப்பட்ட நானும் ஒருவருக்கு வாத்தியார் ஆனேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கவரைப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் பீகார் அண்ணன் ஒருவர் குடியிருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. தமிழ் ஓரளவு பேசுவார், படிக்க வராது. ஒருநாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தீக்காயத் தழும்பு.

"போர்டு இருந்துச்சு தம்பி. எனக்கு அது கோலம் மாதிரி."

'சூடாக உள்ளது, தொடாதே' என்று அதில் எழுதியிருந்ததாம். "எனக்கு எழுத்து சொல்லிக் கொடு" என்றார்.

நானும் பந்தாவாக நோட்டு வாங்கி அ, ஆ, இ, ஈ என்று ஆரம்பித்தேன். மொத்தம் 247 எழுத்தாயிற்றே! மூன்றாம் நாள் அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஷிப்டு முடிந்து வந்த மனுஷன், அவர்மேல் என்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். ஊர்ப் பெயர் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது அல்லவா? அவருக்கு இந்தி படிக்க வரும். இந்தியைப் பார்த்துத் தமிழ் எழுத்தைத் தானே கண்டுபிடித்தார். அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. அங்கே போனதும் நின்றுவிட்டார்.

"தம்பி, கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தமிழ்ல ஒரே 'க'தானே? இந்தியில வேற வேற எழுத்து போட்டிருக்கே, ஏன்?"

"அது அப்படித்தாண்ணா" என்றேன்.

சொன்ன வாய்க்குள்ளேயே சுருக்கென்றது. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் 'பட்'டும் 'புட்'டும் ஏன் வேறு வேறு என்று சின்ன வயதில் கேட்டு, இதே பதிலை வாங்கினேன். அதற்குப் பிறகு கேள்வி கேட்பதையே விட்டேன். முதலாண்டில் ஆங்கிலம் அரியர்.

பள்ளித் தமிழ் ஐயாவைத் தேடிப் போய்க் கேட்டேன். தமிழில் எழுத்து நிற்கும் இடம்தான் ஒலியைச் சொல்லும் என்றார். 'கடல்' என்பதில் அழுத்தம், 'தங்கம்' என்பதில் 'ங்' பக்கத்தில் மென்மை, 'பகல்' என்பதில் இன்னும் மென்மை. வெளியிலிருந்து வந்த சொற்களும் சில ஊர்ப் பெயர்களும் இதற்கு அடங்காது. "கங்கையும் இந்தக் 'க'தாண்ணா" என்றதும் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

பிறகு அட்டவணையை மூடி வைத்தோம். அவருக்குத் தேவையான சொல்லிலிருந்து தொடங்கினோம். முதல் சொல், 'தொடாதே'. அதிலிருந்து தொடு, தோடு, தேடு, தேதி. அடுத்து அபாயம், நில், சம்பளம்.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். பிரேசிலில் பாவ்லோ ஃபிரேயர் என்பவர் 1963-இல் சுமார் 300 தொழிலாளர்களுக்கு, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை வைத்தே 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார் என்று பிறகு நூலகத்தில் படித்தேன். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்களாம்.

அதே வழியில் நானும் ஆங்கிலத்துக்கு ஒரு நோட்டுப் போட்டேன். ஃபைல், வைஸ், சிசல் என்று ஒர்க்ஷாப்பில் கை தொட்ட சாமான்களின் பெயர்தான் முதல் பக்கம். கைக்குத் தெரிந்த பொருளின் பெயர் கண்ணுக்கும் சீக்கிரம் பிடிபட்டது. அரியர் போயிற்று. பெரிய மார்க் இல்லை, ஆனால் புத்தகத்தைத் திறக்கப் பயமில்லை.

கம்பெனிக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு அந்தப் போர்டை இப்போது அண்ணன்தான் படித்துச் சொல்கிறாராம்.

நண்பர்களே, நம் ஒவ்வொருவர் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். தினம் அரைமணி நேரம் போதும். அவர் ஏதாவது கேட்டால் 'அது அப்படித்தான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்