கட்டிலின் கால்மாட்டில் ஒரு முதியவர்

சங்கரன்கோவிலில் நாங்கள் படித்த பள்ளியின் ஓவிய ஆசிரியர், மழை பெய்யும் நாளில் மட்டும் எங்களை வரையச் சொல்லமாட்டார். அலமாரியிலிருந்து கெட்டி அட்டை போட்ட பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு படத்தை விரித்து வைத்து, மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார். எங்கள் ஊரில் மழை அபூர்வம். ஆகவே அந்தப் படமும் எங்களுக்கு அபூர்வமாகவே இருந்தது.

அது ழாக் லூயி தாவீத் 1787இல் வரைந்த ‘சாக்ரடீஸின் மரணம்’ என்பதும், அசல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதும் பின்னாளில் தெரிந்துகொண்டவை. ஹெர்குலேனியமும் பொம்பேயியும் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பிறகு, ஐரோப்பியக் கலைஞர்கள் பழைய கிரேக்கத்தையும் ரோமையும் நோக்கித் திரும்பினார்கள். குழைவும் அலங்காரமும் விலகி, தெளிந்த கோடும் அடங்கிய வண்ணமும் அறம் பேசும் காட்சிகளும் வந்தன. நவசெவ்வியல் என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான். இவை எதையும் ஆசிரியர் சொன்னதில்லை. “மொதல்ல கையப் பாருங்கலே. மூஞ்சிய எவனும் மாத்திக்கிடலாம்” என்பார்.

நாங்கள் கைகளைப் பார்த்தோம். சாக்ரடீஸின் ஒரு கை மேலே உயர்ந்திருக்கிறது. மற்றொரு கை நஞ்சுக் கிண்ணத்தை நோக்கி நீள்கிறது. கிண்ணத்தை நீட்டுபவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். கிரிட்டோவின் கை குருவின் தொடையை இறுகப் பற்றியிருக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் மட்டும் ஒரு முதியவர் குருவுக்கு முதுகைக் காட்டித் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அவர் கைகள் மடியில் கிடக்கின்றன. அவர் யார் என்று ஒருநாள் கேட்டோம். “பிளேட்டோ. அவரு அன்னைக்கு அங்க இல்ல” என்றார் ஆசிரியர். இல்லாதவரை எதற்கு வரைய வேண்டும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. மணி அடித்துவிட்டது.

ஆண்டுகள் கழிந்தன. எங்களில் ஒருவர் சென்னைக்கும் ஒருவர் திருச்சிக்கும் போனோம். ஒருவர் ஊரிலேயே விசைத்தறி வைத்தார். ஆசிரியர் நோயுற்றுப் பாளையங்கோட்டையில் மருத்துவமனையில் கிடந்தபோது ஆடித்தபசு நெருங்கியிருந்தது. மூவரும் ஊரில்தான் இருந்தோம். பேருந்தில் நிற்கவும் இடமில்லை, தபசுக் காட்சி முடிந்ததும் நிதானமாகப் போய்ப் பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம். கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்த மறுநாள் காலை அவர் இறந்த செய்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரை வீட்டுத் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். கை இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நாங்கள் பார்த்தது அதைத்தான்.

அடுத்த தை மாதம் மூவரும் தஞ்சாவூர் போனோம். பெரிய கோவிலைப் பார்த்த பிறகு, சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குள் நுழைந்தோம். நவசெவ்வியல் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்த பளிங்குச் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. ரோமில் ஏழாண்டுகள் தங்கிப் பழஞ்சிலைகளைப் பயின்ற அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கட்டிலில் மதபோதகர் சுவார்ட்ஸ் இறந்துகொண்டிருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார். தலைப்பாகை அணிந்த இரண்டாம் சரபோஜி குனிந்து அவர் கையைப் பற்றியிருக்கிறார். எங்களில் யாரும் பேசவில்லை. மூவரும் முதலில் பார்த்தது அந்தக் கைகளைத்தான்.

வெளியே வந்ததும் வாக்குவாதம் எழுந்தது. சென்னை நண்பர் கோட்டை அருங்காட்சியகத்தை நினைவூட்டினார். அங்கே தாமஸ் பேங்க்ஸ் 1800இல் செய்த காரன்வாலிஸ் சிலை நிற்கிறது. 1792இல் திப்புவின் இரு பிள்ளைகளைப் பிணையாகப் பெற்றுக்கொண்ட காட்சி அதன் பீடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. “அதே பளிங்கு, அதே அமைதி, அதே ரோமானிய கம்பீரம். தஞ்சாவூரிலும் நடந்தது வேறென்ன? 1779இல் ஹைதர் அலியிடம் கம்பெனிக்காகத் தூது போனவர் இதே சுவார்ட்ஸ். அவர் வளர்த்த பிள்ளை 1798இல் அரியணை ஏறி, மறு ஆண்டே ஆட்சியைக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தார்” என்றார் அவர்.

தறிக்கார நண்பர் ஒப்பவில்லை. “இந்தச் சிற்பத்தைக் கம்பெனியா கேட்டது? சரபோஜியே லண்டனிலிருந்து கேட்டு வாங்கினார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுளும் எழுதினார். 1787இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில் ஒப்படைத்துவிட்டுப் போன பத்து வயதுப் பிள்ளைக்கு வேறு யார் இருந்தார்கள்? பிணைப் பிள்ளைகள் கையைத் தாமாக நீட்டவில்லை, இவர் நீட்டியிருக்கிறார்” என்றார்.

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் என்ற இரு நாகங்கள் வழக்கிட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டும் ஒரே உருவில் நின்றதைக் கண்டுதான் அவை அடங்கின. அன்பும் அரசியலும் அந்தப் பளிங்கில் அப்படித்தான் நிற்கின்றன என்று எங்களுக்குப் பட்டது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க முடியாது. சரபோஜி கைமாறியது ஒரு நாட்டை. ஆனாலும் அவர் ஆசிரியரைப் பார்க்கப் போயிருந்தார்.

நாங்கள் போகவில்லை. தன் குருவின் கடைசி நாளை எழுதிய பிளேட்டோ, தான் அன்று நோயுற்றிருந்ததால் அங்கே இல்லை என்று அதிலேயே குறித்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பியிருக்காது. தாவீதோ அவரை முதியவராக்கிக் கால்மாட்டில் உட்கார வைத்தார். அவருக்குப் பின்னால் நடப்பதெல்லாம் அவர் நினைவில் ஓடும் காட்சி என்று சொல்லும் கலை வரலாற்றாளர்கள் உண்டு. தாவீத் தன் பெயரின் முதலெழுத்துகளை அந்த முதியவருக்குக் கீழேதான் பொறித்திருக்கிறார். கிரிட்டோவுக்குக் கீழே முழுப் பெயரையும் எழுதினார். தொடையைப் பற்றியவருக்கும் வராதவருக்கும் ஒரே ஓவியத்தில் இடமிருந்தது.

வாக்குவாதம் ஓய்ந்ததும் மறுபடி தேவாலயத்துக்குள் சென்றோம். பளிங்குக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கமாக ஒரு பெஞ்சு கிடந்தது. காவலாளி கதவைச் சாத்த வரும்வரை மூவரும் அதில் உட்கார்ந்திருந்தோம்.