முதல் நாளே சொல்லிவிடுங்கள்!

பக்கத்து வீட்டு மாமியிடம் குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குப் போகும்போது நாம் என்ன சொல்வோம்? "கொஞ்சம் பார்த்துக்குங்க மாமி, இதோ வந்துடறேன்" என்போம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் மாமி மனம் கோணுவாள், நமக்கும் கூச்சம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நான், இன்று என்னிடம் குழந்தையை விட வரும் ஒவ்வொரு தாயையும் உட்கார வைத்து, ஒரு காப்பியைக் கையில் கொடுத்து, முக்கால் மணி நேரம் விதிமுறை பேசுகிறேன். ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கல்யாணமாகி லண்டனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் வீடு. பிளஸ் டூ வரைதான் படித்தவள். என் பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்யலாமே என்று 'சைல்ட்மைண்டர்' ஆனேன். மற்றவர் குழந்தைகளை நம் வீட்டிலேயே வைத்துச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் வேலை.

இங்கிலாந்தில் இதை நம் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. 8 வயதுக்கு உட்பட்ட குழந்தையை, ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல், பணம் வாங்கிக்கொண்டு நம் வீட்டில் பார்த்துக்கொண்டால் பதிவு செய்தே ஆக வேண்டும். நான் பதிவு செய்திருப்பது 'ஆஃப்ஸ்டெட்' என்ற அரசாங்க மேற்பார்வை அலுவலகத்தில். அவர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியை 3 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வீட்டில் இருக்கிற 16 வயது நிரம்பிய எல்லோருடைய பின்னணியையும் விசாரிப்பார்கள். என் கணவருக்கும் நடந்தது. 16 வயது ஆனதும் என் பையனுக்கும் நடந்தது. ஒரே நேரத்தில் 8 வயதுக்கு உட்பட்டவர்கள் 6 பேர், அதில் சின்னஞ்சிறுசுகள் 3 பேர், அதிலும் ஒரு வயது நிரம்பாதது ஒன்றே ஒன்று என்பது பொதுவான கணக்கு. நம் சொந்தக் குழந்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

இதோடு வருவதுதான் 'பாலிசி'. பாலிசி என்றால் நமக்கு எல்.ஐ.சி.தான் ஞாபகம் வரும். இங்கே அர்த்தம் வேறு. காய்ச்சல் வந்தால் என்ன செய்வேன், யாரிடம் குழந்தையை ஒப்படைப்பேன், அடம் பிடித்தால் எப்படிச் சமாளிப்பேன் என்று நம் வீட்டு நடைமுறையை வகுத்து வைப்பது. 2008-லிருந்து இங்கே ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கென்று தனியாக அரசாங்க விதிகள் நடப்பில் இருக்கின்றன. சைல்ட்மைண்டர்கள் இந்த நடைமுறைகளை எழுதித்தான் வைக்க வேண்டும் என்று அதில் கட்டாயம் இல்லை. ஆனால் பெற்றோருக்கு வாயால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது.

நான் இரண்டையும் செய்கிறேன். எழுதியும் கொடுக்கிறேன், படித்தும் காட்டுகிறேன். வெறும் தாளை நீட்டினால் யார் படிக்கிறார்கள்? வேலைக்கு ஓடும் அவசரம். நம்மவர்களாக இருந்தால், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த நம்பிக்கை இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் பின்னால் மனஸ்தாபம் வருவதும் அங்கேயிருந்துதான். அதனால் ஒவ்வொரு விதியையும் படித்து, அதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். "லேசா சூடு இருந்தா கால்பால் கொடுத்துடுங்க" என்று வாசலில் நின்றபடி சொன்னால் போதாது. எந்த மருந்து என்று குறிப்பிட்டுப் பெற்றோர் எழுதித் தர வேண்டும். கொடுத்த நேரத்தையும் அளவையும் நான் எழுதி வைத்து அன்றைக்கே சொல்ல வேண்டும். இது வெறும் சம்பிரதாயமில்லை. காலையில் வீட்டில் ஒரு வேளை கொடுத்திருப்பார்கள். அது தெரியாமல் நானும் கொடுத்தால் அளவு மீறிவிடும். விழுந்து அடிபட்டாலும் இப்படித்தான். என்ன ஆயிற்று, என்ன சிகிச்சை செய்தேன் என்று அன்றைக்கே எழுதிக் காட்டிவிடுவேன்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பழக்கங்கள் குறுக்கே வரும். ஒன்பது மாதக் குழந்தைக்கு இருமல் என்று ஒரு பாட்டி தேன் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் சில சமயம் இருக்கும் ஒரு வகைக் கிருமி, முதிராத குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. பாட்டிக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்ல எல்லாக் குழந்தைக்கும் நாக்குல தேன் தொட்டு வெச்சுத்தான் வளர்த்தோம்" என்றார். "சரிம்மா, உங்க கையால வளர்ந்தவங்கதான். ஆனா என் வீட்ல நான் கொடுக்க முடியாது" என்றேன். திராட்சையை முழுசாகத் தர மாட்டேன். நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் தருவேன். ஐந்து வயது வரை முழு வேர்க்கடலை, முந்திரி எதுவும் கிடையாது. தொண்டையில் அடைத்தால் சத்தமே வராது. அதனால் குழந்தைகள் சாப்பிடும்போது நானும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

வாந்தி, பேதி என்றால் நின்ற பிறகும் 48 மணி நேரம் கழித்துத்தான் குழந்தையை அனுப்ப வேண்டும். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். நம் ஊரில் வேப்பிலை செருகி ஒதுக்கி வைப்பார்களே, அந்த ஏற்பாடுதான். லீவு கிடைக்காத தாய்மார்கள் தவித்துப் போகிறார்கள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அதே அறையில் கைக்குழந்தை ஒன்றும் தவழ்கிறதே?

"சொன்ன பேச்சு கேட்கலைன்னா ரெண்டு போடு போடுங்க அக்கா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று உரிமை கொடுப்பவர்களும் உண்டு. பெற்றோரே சொன்னாலும் நான் அடிக்கக் கூடாது. அடிப்பேன் என்று மிரட்டவும் கூடாது.

இதையெல்லாம் சொல்வது சுலபம். சொல்லவே நாக்கு கூசுவது இன்னொன்று. குழந்தையின் உடம்பில் காயமோ தழும்போ பார்த்தால் நான் கேட்பேன், எழுதி வைப்பேன். குழந்தைக்குக் கெடுதல் நடக்கிறது என்று கவலை வந்தால் கவுன்சிலின் குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். இதை முதல் நாளே, முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். போன வருஷம் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி இதைக் கேட்டதும் முகம் வாடிப் போனாள். "எங்களில சந்தேகமோ அக்கா?" என்றாள்.

"இல்லம்மா. உன் மேல் இருக்கிற இதே சட்டம் என் மேலயும் இருக்கு. என் வீட்லேருந்து குழந்தை ஒரு கீறலோட வந்தா நீ என்னைக் கேட்கணும். என் பதில் திருப்தியா இல்லேன்னா ஆஃப்ஸ்டெட்டுக்கே புகார் பண்ணலாம். நம்பர் அதோ, அந்தச் சுவர்ல ஒட்டியிருக்கு" என்று காட்டினேன். பாவம், கொஞ்ச நேரம் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் குழந்தை விஷயத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் வாசலில் மணி அடித்தது. முப்பது வயசு இளைஞர். "அக்கா அனுப்பினா, பிள்ளையைக் கூட்டிப் போக வந்தேன்" என்றார். மூன்று வயதுப் பெண் எட்டிப் பார்த்து, "மாமா!" என்று குதிக்கிறாள். ஆனால் அவர் பெயர் என் பட்டியலில் இல்லை. பெற்றோர் முன்கூட்டியே தெரிவித்தவரிடம் மட்டும்தான் குழந்தையை விடலாம். தாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டியில் போன் எடுக்க முடியாது. தகப்பனாருக்குப் போட்டுப் போட்டு, இருபது நிமிஷம் கழித்துத்தான் கிடைத்தார். அதுவரை அந்தப் பிள்ளையாண்டான் குளிரில் வெளியே நின்றார். சொந்த மாமனை வாசலில் நிறுத்துகிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. கதவை மட்டும் திறக்கவில்லை. தகப்பனார் 'சரி' என்று சொன்ன பிறகு அனுப்பினேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "தம்பிக்கு உங்களில நல்ல கோவம் அக்கா. எனக்கில்லை. அண்டைக்கு நீங்கள் வாசிக்கேக்க பாதி காதில விழேல்லை. ராத்திரிதான் அந்தத் தாளை எடுத்து முழுக்க வாசிச்சனான்" என்றாள். சொல்லிவிட்டுத் தம்பியின் பெயரைப் பட்டியலில் தன் கையாலேயே எழுதினாள்.

முன்னாலேயே சொல்லாமல் அன்றைக்கு வாசலில் நின்று சட்டம் பேசியிருந்தால், அது அவமதிப்பாகத்தான் பட்டிருக்கும். சம்பளம், தாமதமாக வந்தால் கூடுதல் கட்டணம், என் லீவு நாட்கள் எல்லாமே இந்த ரகம்தான். முதல் நாள் சொன்னால் ஏற்பாடு. நடுவில் சொன்னால் சண்டை.

சகோதரிகளே, நீங்கள் குழந்தையை விடுவது பக்கத்து வீடாக இருக்கலாம், தெருமுனை க்ரெஷ்ஷாக இருக்கலாம். சட்டம் கேட்கச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்த ஐந்தைக் கேட்டுவிடுங்கள்:

உங்கள் வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள்?

குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?

என்னைத் தவிர வேறு யார் வந்து கேட்டால் குழந்தையைக் கொடுப்பீர்கள்?

அடம் பிடித்தால் எப்படிச் சமாளிப்பீர்கள்?

விழுந்து அடிபட்டால் எனக்கு எப்போது சொல்வீர்கள்?

நீங்களும் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது, காலையில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். இதைக் கேட்டுக் கோபப்படுகிற இடமாக இருந்தால், தயங்காமல் வேறு இடம் பாருங்கள்.