72-ஆவது தேசிய விருது: என் நோட்டில் இரண்டு பக்கம்

தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தால் நான் நோட்டை எடுத்துவிடுவேன். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் ‘கிடைக்கும்’ என்று தலைப்பு. வலது பக்கம் ‘கிடைக்கணும்’. இரண்டும் ஒன்றாக இருக்கிற வருஷம் அபூர்வம்.

மாரண்டஹள்ளியில் இந்தப் பேச்சுக்குத் துணை கிடைப்பது கஷ்டம். காலையில் டீக்கடையில் உட்கார்ந்தால் பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி என்ன விலை போனது என்பதுதான் முதல் பேச்சு. அதற்கப்புறம் பஞ்சப்பள்ளி அணையில் தண்ணீர் எவ்வளவு. சினிமா வந்தால் அது வசூல் பேச்சாக இருக்கும். விருது என்றால், “அது டெல்லிக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன” என்று எழுந்து போய்விடுவார்கள். அப்படி எழுந்து போகாமல் என்னோடு மல்லுக்கு நின்றவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பட்டியல்.

பட்டியல் போடுமுன் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எந்த வருஷத்து விருது என்பது படம் தியேட்டருக்கு வந்த தேதியை வைத்து இல்லை. தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய தேதியை வைத்து. இதை அறியாமல்தான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள். மலையாளப் படம் ‘ஆட்டம்’ 2024 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. ஆனால் 2022-ஆம் ஆண்டின் சிறந்த படம் என்ற விருதை வாங்கியது. ‘உள்ளொழுக்கு’ 2024 ஜூனில் வந்தது. ஊர்வசிக்குத் துணை நடிகை விருது கிடைத்தது 2023-ஆம் ஆண்டுக்கு. ‘ஆடுஜீவிதம்’ படமும் அப்படியே. 2024 மார்ச்சில் பார்த்துவிட்டு வந்து, பிருத்விராஜுக்கு இந்தத் தடவை நிச்சயம் என்று சிலர் இப்போதும் சொல்கிறார்கள். அந்தப் படம் போன தடவையே தேர்வுக்குப் போய் வெறும் கையோடு திரும்பிவிட்டது. உடம்பை அப்படி உருக்கி நடித்த மனிதருக்கு ஒன்றுமில்லை என்பதில் எனக்கும் வருத்தம்தான்.

கொரோனாவுக்குப் பிறகு இந்த விருதுகள் பின்தங்கியே ஓடுகின்றன. 2020-ஆம் ஆண்டுக்கு 2022 ஜூலையில் அறிவித்தார்கள். அதில் ‘சூரரைப் போற்று’ சிறந்த படம், சூர்யா சிறந்த நடிகர். 2023-ஆம் ஆண்டுக்கு 2025 ஆகஸ்ட் முதல் தேதி அறிவித்தார்கள். ஷாருக்கானும் விக்ராந்த் மாஸியும் பகிர்ந்துகொண்டார்கள். நம் பக்கம் ‘பார்க்கிங்’ சிறந்த தமிழ்ப் படம், எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. பாஸ்கருக்குக் கிடைத்த அன்று நான் வீட்டில் கேசரி செய்யச் சொன்னேன். இத்தனை வருஷம் எத்தனை சின்ன வேஷத்தில் அந்த மனிதர் படத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்! ஆக, இப்போது வரப்போவது 72-ஆவது. 2024-இல் சான்றிதழ் வாங்கிய படங்களுக்கு.

நடிகர். இடது பக்கம் மம்மூட்டி என்று எழுதியிருக்கிறேன், ‘பிரமயுகம்’ படத்துக்கு. கறுப்பு வெள்ளையில், ஒரு பாழடைந்த வீட்டுக்குள், மூன்று பேரை வைத்துக்கொண்டு நம்மை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் சிரிக்கும்போது எனக்கு முதுகு சில்லிட்டது. மம்மூட்டியும் நம் கமலும் ஆளுக்கு மூன்று முறை வாங்கியிருக்கிறார்கள். கமலுக்கு ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’. நான்கு முறை வாங்கியவர் அமிதாப் ஒருவர்தான். மம்மூட்டிக்குக் கிடைத்தால் அவரும் நான்கு. வலது பக்கம் ‘மகாராஜா’ விஜய் சேதுபதி. குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற அந்த முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. கடைசியில் விஷயம் தெரிந்த பிறகு அந்த முகத்தை நினைத்துப் பார்த்தால்தான் அவர் என்ன செய்திருக்கிறார் என்று புரிகிறது.

நடிகை. இரண்டு பக்கமும் சாய் பல்லவி, ‘அமரன்’ படத்துக்கு. ‘கார்கி’க்கே கிடைத்திருக்க வேண்டும். அந்த வருஷம் ‘திருச்சிற்றம்பலம்’ நித்யா மேனனுக்கும் ஒரு குஜராத்தி நடிகைக்கும் பகிர்ந்து போயிற்று. நித்யாவைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு இயல்பான பெண். ஆனால் ‘கார்கி’ வேறு தட்டு.

தமிழ்ப் படம். இதில்தான் எனக்குத் தூக்கம் போனது. ‘மெய்யழகன்’, ‘வாழை’, ‘கொட்டுக்காளி’ மூன்றும் ஒரே வருஷத்தில் வந்து நிற்கின்றன. இடது பக்கம் ‘மெய்யழகன்’. டெல்லியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் சொந்த ஊரை விட்டுப் போன வலி புரியும். வலது பக்கம் ‘கொட்டுக்காளி’. ஒரு ஆட்டோ, சில மோட்டார் சைக்கிள், ஒரு சேவல், வாய் திறக்காத ஒரு பெண். பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. படம் முடிந்ததும் என் வீட்டம்மா, “அவ்வளவுதானா?” என்று கேட்டாள். அரை மணி நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, “அந்தப் பொண்ணு என்னங்க ஆயிருக்கும்?” என்றாள். குழந்தை நட்சத்திரத்துக்கு ‘வாழை’ படத்துப் பையன் பொன்வேல். அதற்கு இரண்டாம் யோசனையே இல்லை.

இனி எங்கள் வயதுக்காரர்களின் பழைய குறைக்கு வருகிறேன். சிவாஜிக்குத் தரவில்லையே! இந்தப் பேச்சு வராத விருதுப் பேச்சு நம் தலைமுறையில் கிடையாது. உண்மைதான், சிறந்த நடிகர் என்று இந்த விருது அவர் கைக்கு ஒரு தடவையும் வரவில்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக 1960-இல் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் என்று கொண்டாடினார்கள். டெல்லி கொண்டாடவில்லை. ஆனால் சண்டைக்குப் போகுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசிய விருது 1954-இல் தொடங்கினாலும், நடிகருக்கும் நடிகைக்கும் தனியாக விருது தர ஆரம்பித்தது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதலில் வாங்கியவர் வங்காளத்து உத்தம் குமார். ‘பாசமலர்’, ‘கர்ணன்’, ‘நவராத்திரி’, ‘திருவிளையாடல்’ எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன. கொடுக்க விருதே இல்லாத காலத்தில் அவர் உச்சத்தில் இருந்தார். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் சமாதானம் இல்லை. சிறந்த தமிழ்ப் படம் என்று அதற்கு விருது தந்தார்கள். நாதஸ்வரம் வாசித்தவரை விட்டுவிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து எம்.ஜி.ஆர். ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்கு வாங்கினார். அன்று எங்கள் ஊரில் இரண்டு கட்சியும் ஒரு வாரம் முகம் பார்த்துப் பேசவில்லை. எம்.எஸ்.வி.க்கு இசைக்காக ஒரு தேசிய விருதும் கிடையாது, டி.எம்.எஸ்.ஸுக்குப் பாட்டுக்காகக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கன்னட நாட்டின் ராஜ்குமாருக்கு, அத்தனை படம் நடித்தவருக்கு, நடிப்புக்காகக் கிடைக்காமல் ‘ஜீவன சைத்ரா’ படத்தில் பாடியதற்குக் கிடைத்தது. ஊர்ப் பெயரிலேயே ஹள்ளி இருக்கிற எங்களுக்கு ராஜ்குமாரும் பாதி சொந்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் விருதுப் படம் போடுவார்களே, அன்று கன்னடப் படம் என்றால் கீழே ஓடுகிற எழுத்து எங்களுக்குத் தேவைப்படாது. வங்காளிப் படம் என்றால் பாதித் தெரு தூங்கிவிடும்.

இப்போது, நோட்டில் நான் எப்போதுமே காலியாக விடுகிற ஓர் இடம் உண்டு. பாடகர் விருது. பாட்டைக் கணிக்க முடியாது என்பது என் கொள்கை. 2017 ஏப்ரல் 7-ஆம் தேதி அந்தக் கொள்கை எனக்கு இன்னும் உறுதியாயிற்று. அன்று நடிகர் விருது ‘ருஸ்தம்’ அக்‌ஷய் குமாருக்கு என்று டி.வி.யில் ஓடியது. ‘தங்கல்’ அமீர் கானுக்கு ஏன் இல்லை என்று எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு வரி ஓடியது. சிறந்த பின்னணிப் பாடகர் சுந்தரய்யர், படம் ‘ஜோக்கர்’.

ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ நம் தருமபுரிச் சீமையில் நடக்கிற கதை. கக்கூஸ் கட்டித் தருகிறேன் என்று சொன்ன சர்க்கார் அதை அரைகுறையாக விட்டதில் ஒரு குடும்பம் என்ன ஆனது என்பதுதான் படம். அந்த வருஷம் சிறந்த தமிழ்ப் படமும் அதுதான். அதில் ஷான் ரோல்டன் இசையில் பாடிய சுந்தரய்யர் தருமபுரிப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர். டி.எம்.எஸ்.ஸுக்குக் கிடைக்காத விருது, உன்னிகிருஷ்ணனும் எஸ்.பி.பி.யும் தமிழுக்காக வாங்கிய அதே விருது, எங்கள் பக்கத்துக் கிராமத்துக் குரலுக்கு. மே மாதம் டெல்லியில் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி கையால் வெள்ளித் தாமரை.

செய்தியைக் கேட்டதும் நான் ஓடியது என் அக்கா வீட்டுக்கு. மல்லுக்கு நிற்கிற ஆள் என்றேனே, அவர் என் அக்கா வீட்டுக்காரர். மாமா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து என்றால் பாஞ்சாலி அவர்தான். ராத்திரி பத்து மணிக்கு அரிதாரம் பூசினால் விடிகிற வரைக்கும் குரல் இறங்காது. முட்டி தேய்ந்த பிறகு விட்டுவிட்டார். கையில் மிச்சம் என்று ஒன்றுமில்லை. ஏதோ ஒரு விழாவில் போர்த்திய பொன்னாடை ஒன்று பெட்டியில் கிடந்தது.

நான் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை.

“ஏ மாப்ளே, கூத்துப் பாட்டு பாடற ஆளுக்கா? டெல்லியிலயா?”

“ஆமாங்க மாமா. டி.வி.யில போட்டுட்டான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார். “மைக் வெச்சுப் பாடினாரா, மைக் இல்லாமயா?”

சினிமாவில் மைக் இல்லாமல் எப்படி மாமா என்றேன். “அப்ப சரி. மைக் இல்லாம பாடற குரலுக்கு மைக் வெச்சா டெல்லி வரைக்கும் கேக்கும்” என்றார். அதற்கு மேல் அவர் அன்று அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா உள்ளேயிருந்து சர்க்கரை கொண்டுவந்து எங்கள் இரண்டு பேர் வாயிலும் போட்டாள்.

அதிலிருந்து ‘கிடைக்கணும்’ பக்கத்தை மாமாதான் நிரப்புவார். நான் சொல்லச் சொல்ல, அவர் அடித்து அடித்துத் திருத்துவார். நடிகைக்கு எழுதும்போதெல்லாம், “பொம்பளை வேஷத்துக்கு ஆம்பளைக்கும் குடுப்பாங்களா?” என்று ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

2024-இல் ‘ஜமா’ என்று ஒரு படம் வந்தது. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, அவரே நடித்தது, இசை இளையராஜா. திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்து ஜமாவில் பெண் வேஷமே கட்டிக்கொண்டிருக்கிற ஒருவன், ஒரு நாளாவது அர்ஜுனன் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிற கதை. தியேட்டரில் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். பேரன் செல்போனில் போட்டுக் காட்டினான். மாமா போனை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்தார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லித் திரும்பப் பார்த்தார். வாத்தியாராக வருகிற சேத்தனைப் பார்த்து, “இந்த ஆளை எனக்குத் தெரியும்” என்றார். டி.வி. சீரியலில் பார்த்திருப்பீர்கள் என்றேன். “சீரியல் இல்ல மாப்ளே. இப்படி ஒரு வாத்தியார்கிட்ட நான் பதினோரு வருஷம் இருந்தேன்” என்றார்.

போன பங்குனியில் மாமா போய்ச் சேர்ந்தார். இந்த வருஷம் வலது பக்கத்தையும் நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

துணை நடிகருக்கு ‘ஜமா’ சேத்தன் என்று எழுதியிருக்கிறேன். துணை நடிகைக்கு ‘லப்பர் பந்து’ சுவாசிகா. மருமகனாக வரப்போகிறவனையும் புருஷனையும் ஒரே பார்வையில் அடக்குகிற அந்த அம்மாவை நான் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பெரிய தேர்வுக் குழுவிடம் போவதற்கு முன் மாநிலப் படங்களை வட்டாரக் குழுக்கள் பார்த்துச் சலித்து அனுப்புகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே குழுவில் வருகின்றன. 2024 மலையாளத்துக்கு எப்படிப்பட்ட வருஷம் என்று தெரியும்தானே? அந்தச் சல்லடையில் ‘ஜமா’ மாதிரி சின்னப் படம் நிற்குமா என்பதுதான் என் கவலை. நின்று மேலே போய்விட்டால், பார்க்கிறவர்களை அது விடாது.

ஒப்பனைக்கும் ஒரு விருது உண்டு. அந்த வரிசையை நாங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. படம் முடிந்ததும் மாமா கடைசியாகச் சொன்னது, “அரிதாரம் சரியா பூசியிருக்கான். கண்ணு ஓரத்துல கோடு சரியா நிக்குது” என்பது. வலது பக்கம், ஒப்பனைக்கு நேராக, ‘ஜமா’ என்று எழுதி அவர் பெயரின் முதல் எழுத்தைப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். இடது பக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை.